முப்பதாயிரத்துக்கு ஒரு பூட்டன்

பூட்டனுக்கு நம் அரசு விலை வைத்தது. 2008 இல் வெளிநாடுவாழ் இந்தியர் விவகார அமைச்சகம், அயல்நாட்டு வம்சாவளியினருக்கு வேரைக் கண்டுபிடித்துத் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கட்டணம் 30,000 ரூபாய். பூட்டன் அகப்படாவிட்டால் 20,000 திரும்ப வரும் என்றது திட்டம்; மிச்சம் பத்தாயிரம் தேடிய கூலி. அந்தப் பூட்டன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புக்காட்டுக்குப் போகக் கைநாட்டு வைத்தபோது அவனுக்குப் பேசிய கூலி, மாதம் பத்து ஷில்லிங்.

திருவண்ணாமலைக்கு இந்த விருந்தாளிகள் புதிதல்ல. ஆற்காட்டுச் சீமையிலிருந்து கப்பலேறியவர்களின் வாரிசுகள் டர்பனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வருகிறார்கள். கிரிவலம் முடித்து, கையில் கப்பல் பதிவேட்டின் நகலோடு பூட்டன் ஊரை விசாரிக்கிறார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நங்கூரமிட்டது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று வெள்ளைக்காரன் வரிசையாக எழுதி வைத்தான். பாசத்தினால் அல்ல, ஓடினால் பிடிப்பதற்கு. வலது முழங்காலில் தழும்பு என்ற அந்தக் குறிப்புதான் இன்றைக்குக் கொள்ளுப்பேரனுக்குக் குலவரலாறு.

அனுப்பிவைத்த நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? தாலுகா ஆபீசில் சிட்டா, அடங்கல் இருக்கும். அதெல்லாம் நிலம் வைத்திருந்தவன் கணக்கு. நிலம் இருந்தவன் எதற்கு ஐயா கப்பலேறுகிறான்? தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நின்றவன் பெயரை எந்தக் கர்ணம் எழுதினான்?

ஆனால் ஊரார் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். வந்தவரிடம் முதல் கேள்வியே, "நீங்க என்ன ஆளுங்க?" பாவம், அவர் "சவுத் ஆப்பிரிக்கன்" என்கிறார். நகலில் உள்ள சாதிப் பத்தியைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ ஊருக்குள் திரும்புமா, காலனிக்குத் திரும்புமா என்பது முடிவாகும். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத்துறைக் கோயிலான முத்துமாரியம்மன் சன்னிதிக்குள் தலித் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, கலெக்டரும் போலீஸும் முன்னே நடக்க. அதே 2023 இல்தான் தமிழக அரசு அயலகத் தமிழ் இளைஞர்களுக்கு 'வேர்களைத் தேடி' பண்பாட்டுப் பயணம் தொடங்கியது. பிள்ளைகளுக்குச் சிற்பம் காட்டினோம். தாத்தாவை உள்ளே விடாத வாசலை யார் காட்டுவது?

இத்தாலிக்காரனும் இதே பிழைப்பில் இருந்தவன்தான். புவனோஸ் ஐரிஸிலும் சாவோ பாவ்லோவிலும் பிறந்தவர்கள் முப்பாட்டன் பிறப்புச் சான்றைத் தேடிப்பிடித்து இத்தாலியப் பாஸ்போர்ட் வாங்கினார்கள். 2025 மார்ச்சில் ரோம் கதவைச் சாத்தியது: பாட்டனோடு சரி, அதற்குமேல் உறவில்லை. அதே மாதம் நம் பிரதமர் போர்ட் லூயியில் மொரீஷியஸ் பிரதமருக்கு ஓசிஐ எனும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையைக் கையில் கொடுத்தார். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை அட்டை உண்டு என்று முந்தின ஆண்டே குடியரசுத் தலைவர் அறிவித்துவிட்டார். ஏழு தலைமுறை! சந்தோஷம். கொடுக்கட்டும்.

ஆனால் அந்தப் பூட்டனுக்கு ஒரு தம்பி இருந்து, அவன் கங்காணி பின்னால் போய், மண்டபம் வழியாகக் கடல் தாண்டி கண்டித் தோட்டத்துக்குப் போயிருந்தால்? அவன் வாரிசுக்கு அந்த ஏழு தலைமுறைச் சலுகை இல்லை. 1948 இல் இலங்கை, அப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள், சீட்டைக் காட்டு என்று கேட்டு நாடற்றவனாக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆட்டுச்சந்தையில் தலை எண்ணுவது போலப் பிரித்துக்கொண்டார்கள். எண்பதுகளில் கலவரத்துக்குப் பயந்து உயிரைக் கையில் பிடித்து ஓடிவந்தவனை, கூலிகளைத் தடுத்துவைத்த அதே மண்டபம் முகாமில் அகதியாக இறக்கினோம். பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் சட்டத்தின் கண்ணில் அவன் சட்டவிரோதக் குடியேறி. 2019 இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்துக்குப் பாகிஸ்தான் தெரிகிறது, ஆப்கானிஸ்தான் தெரிகிறது. ராமேஸ்வரத்துக்கு எதிரே இருக்கும் தீவு தெரியவில்லை. அதே ஆண்டு, தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் 65 பேரின் மனுவைப் பரிசீலியுங்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. 2025 இல் மத்திய அரசு மனமிரங்கி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களை ஜெயிலில் போடமாட்டோம் என்றது. குடியுரிமை கேட்டவனுக்குக் கிடைத்த பதில் இது.

அண்ணன் பேரன் டாலரோடு வந்தால் வம்சாவளி. தம்பி பேரன் வெறுங்கையோடு வந்தால் ஊடுருவல். அடுத்த 'வேர்களைத் தேடி' பேருந்து இந்த மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றின் வாசலில் பத்து நிமிஷம் நிற்கட்டும். தேடி அலைய வேண்டியதே இல்லை. கணக்கெடுப்புக்கு நேரில் நிற்காவிட்டால் உதவித்தொகை போய்விடும் என்பதால், ஆள் உள்ளேதான் இருப்பான்.