இன்னும் ஒரு நாள் போகட்டும்

டெங்கில் இரவுச் சந்தையில், பழக்கடை விளக்குக்குக் கீழே, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நின்றால் கும்பிடு போட்டுவிடாதீர்கள். சாமி வந்தவர் இல்லை. அவகாடோவை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாத் தாமானிலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் அடுக்குமாடியில் இருப்பவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறோம்.

"பாச்சிக், ஜாங்கான் பிச்சிட் லா!" என்று கடைக்காரப் பையன் கெஞ்சுவான். அமுக்காதீர்கள் என்று மலாயில் சொன்னால் மாமாவுக்குக் காது கேட்காது. தமிழில் சொன்னாலும் கேட்காது, அது வேறு விஷயம். குவியலில் நாற்பது காய் இருந்தால் நாற்பதையும் விசாரித்துவிட்டுத்தான் மூன்றை எடுப்பார். மூன்று பத்து வெள்ளி. மீதி முப்பத்தேழிலும் அவர் கைரேகை இருக்கும். அமுக்கிய இடம் அன்றைக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, வாங்கிப்போன வீட்டில், வெட்டும்போது உள்ளே கறுத்திருக்கும். போன வாரம் நான் வாங்கிய பழத்தில் சரியாகக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு. யார் என்று நான் கேட்கவில்லை.

அந்த விரலுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. மாமா பெராங் பெசார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1995க்குப் பிறகு புத்ராஜெயாவாக மாறியது அந்தத் தோட்டம்தான். "பட்டையில ஒரு நூல் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். ஒரு நூல் குறைஞ்சா மங்குல பால் இல்ல. அந்தக் கை இது. ஒரு பழம் எனக்கு டிமிக்கி குடுக்குமா?" என்பார்.

நியாயமாகச் சொன்னால், அவர் நடத்தும் பாடத்தில் பிழை கிடையாது. அவகாடோ மரத்தில் பழுக்காது. முற்றிய காயைப் பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும். ஆகவே 'மரத்திலேயே பழுத்தது' என்று விற்கிறவனை நம்பாதே என்பது முதல் பாடம். நிறத்தை நம்பாதே என்பது இரண்டாவது. ஹாஸ் ரகம் பழுத்தால் கறுக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஷெப்பர்ட் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். கறுக்கட்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அழுகின பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். காம்பு முனையில் இருக்கும் சின்னக் குமிழை நெம்பினால் கீழே பச்சை தெரிய வேண்டும், பழுப்பு தெரிந்தால் காலம் கடந்துவிட்டது. விரலால் குத்தாமல் உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும் என்பதும் அவர் பாடத்தில் உண்டு. அது மற்றவர்களுக்கு.

ஹாஸ் கதையையும் சொல்வார். கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்று ஒரு தபால்காரர். தோட்டத்தில் விதை போட்டு வளர்த்த ஒரு கன்றை வெட்டிப் போட நினைத்து விட்டுவிட்டார். அது காய்த்துத் தள்ளியது. 1935இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகச் சந்தையில் விற்கும் அவகாடோவில் பெரும்பங்கு அந்த ஒரே மரத்தின் வம்சம். காப்புரிமையால் அவருக்குப் பெரிய பணம் ஒன்றும் வரவில்லை. தாய்மரம் 2002 வரை இருந்தது. "பால் வெட்டினவனும் அப்படித்தான்டா, மரம் நல்லா இருக்கும்" என்று மாமா இதற்கு ஒரு பின்னுரை வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மூன்றும் தாளில் சுருட்டப்பட்டு, ஒரு பீசாங் எமாஸ் பழத்துடன் அரிசி வாளிக்குள் இறங்கும். வாழைப்பழம் விடுகிற எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் கிளப்பிவிடும். வாழைத்தாரைக் குழியில் இறக்கிப் புகை மூட்டிய நம் பாட்டிமாரும், பெயர் தெரியாமலே இதைத்தான் செய்தார்கள்.

மூன்றாம் நாள் அத்தை கேட்பார்: "என்னங்க, வெட்டலாமா?"

மாமா எடுப்பார், அமுக்குவார், கண்ணை மூடுவார். "இன்னும் ஒரு நாள் போகட்டும்."

நான்காம் நாளும் அதே விசாரணை, அதே தீர்ப்பு. பழுத்ததைப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று அத்தை சொல்லிப் பார்ப்பார். ஐஸ் பெட்டி அவசரக்காரனுக்கு என்று பதில் வரும். ஐந்தாம் நாள் உள்ளே நார் ஓடி, கறுத்து, ஒரு வாடையோடு வெளியே வரும். அப்போது மாமா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சொல்வார்: "நேத்தே வெட்டியிருக்கணும். யாரு சொன்னா கேக்குறீங்க?"

இந்தப் பொறுமையை நான் கேலி செய்யலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெராங் பெசார், மெடிங்லி, கேலவே, செட்ஜ்லி என்று நான்கு தோட்டத்துச் சனத்தையும் புத்ராஜெயாவுக்காகக் கிளப்பி, இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவரில் விரிசல் வந்தது. தரை வீடு வரும் வரும் என்று இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு, ஒரு காய்க்கு ஐந்து நாள் காத்திருப்பது பெரிய காரியமா?

தப்பிப் பிழைத்து வெட்டுக்கு வருகிற பழத்துக்கும் அமைதி இல்லை. கொட்டையில் கத்தியைக் கொத்தித் திருகி எடுக்கும் வித்தையில் மாமாவின் இடது உள்ளங்கையில் மூன்று தையல். இங்கிலாந்தில் மருத்துவர்கள் இந்தக் காயத்துக்கு 'அவகாடோ கை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று பேத்தி சொன்னதிலிருந்து அதைப் பட்டம் மாதிரி காட்டுகிறார். கெட்டிப் பால், மைலோ, ஐஸ் போட்டு அடிக்க வேண்டும் என்பது மாமா கட்சி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, லீமாவ் காஸ்தூரி பிழிந்து தோசைக்குத் தொட்டுக்கொள்ளவேண்டும் என்பது அத்தை கட்சி. சைபர்ஜெயாவில் வேலை செய்யும் பேத்திக்கு ரொட்டிமேல் தடவி, படம் எடுத்து, ஆறின பிறகு சாப்பிட வேண்டும். ஒருமுறை மாமா மிச்சத்தைக் கொதிக்கிற சாம்பாரில் போட்டார். சூடு பட்டால் அவகாடோ கசக்கும். அன்றைக்கு எல்லோரும் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

மசித்தது கறுக்காமலிருக்க நடுவில் கொட்டையை வைப்பதும் அவர் வழக்கம். கொட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டும்தான் பச்சையாக இருக்கும். காற்று படுகிற மற்ற இடமெல்லாம் கறுக்கும், அதைக் கொஞ்ச நேரமாவது தடுப்பது எலுமிச்சைப் புளிப்புதான். "கொட்டையக் காவலுக்கு வெச்சிட்டு வீட்டத் திறந்து போட்ட கதை" என்று அத்தை முணுமுணுப்பார். காவல் முடிந்த கொட்டைகள் குச்சி குத்தப்பட்டு, கண்ணாடிக் குவளைகளில் தண்ணீருக்கு மேல் தொங்குகின்றன. நான்காம் மாடி ஜன்னலோரம் இப்போது ஏழு குவளை. விதைக் கன்று காய்க்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும் என்றேன். "ஆகட்டும்" என்றார்.

ஒரு ரகசியம். போன மாதத்திலிருந்து அத்தை, மாமா தே தாரேக் குடிக்கக் கீழே இறங்கும் நேரம் பார்த்து, பழுத்ததை எடுத்துத் தோசைக்கு மசித்துவிட்டு, வாளியில் ஒரு புதுப் பச்சைக்காயைப் போட்டுவிடுகிறார். ஒன்பதாம் நாள் மாமா அதை எடுத்து, அமுக்கி, கண்ணை மூடி, "இது கொஞ்சம் பிடிவாதக்காரன்" என்றார். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோசை வாயில் இருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சந்தைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். ஏழேகாலுக்கு மாமா வந்துவிடுவார்.