தையல்நாயகி

வேப்பமரத்துக்கு எதிர்வீட்டு வாசலில் நின்று எந்த வேளையில் குரல் கொடுத்தாலும், முதலில் வெளிப்படுவது அந்த வீட்டுக் குழந்தைதான். கழுத்தில் இஞ்சு டேப்பை மலர்மாலைபோல் அணிந்துகொண்டு, மற்றபடி திகம்பர கோலத்தில், நிலைப்படியைப் பிடித்தபடி நின்று, "அம்மா ஊசி தேடுது" என்று செய்தி சொல்லும். தெருவிலுள்ள அத்தனை பேருடைய ரவிக்கைக்கும் பாவாடைக்கும் தலையணை உறைக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட ஒரு கிருகத்தில் குழந்தைக்கு மட்டும் உடுப்பில்லையே என்று மூக்கின்மேல் விரலை வைக்கும் புதியவர்கள் உண்டு. பழகிய நாங்கள் வைப்பதில்லை. அந்தக் குழந்தைக்கு உடுப்பு இல்லாமலில்லை. பாதி தைத்த நிலையில் பதினோரு உடுப்புகள் இருக்கின்றன.

அந்த அம்மாளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேறு. அதை வெளியிடுவது மரியாதையாகாது என்பதாலும், அவளைப் போன்றவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கையில் ஒருத்தியை மட்டும் குறிப்பிட்டு மற்றவர்களுடைய மனஸ்தாபத்துக்கு ஆளாவது விவேகமாகாது என்பதாலும், தையல்நாயகி என்று நானாக ஒரு பெயர் சூட்டியிருக்கிறேன். தமிழில் தையல் என்றால் பெண் என்றும் பொருள். தைக்கிற வேலை என்றும் பொருள். வைத்தீசுவரன் கோயில் அம்பிகைக்கு அதுவே திருநாமம்; பிணி தீர்க்க வந்த ஈசனோடு தைல பாத்திரம் ஏந்தி உடன் வந்தவள் அவள் என்பது ஐதிகம். எங்கள் தையல்நாயகியின் கையிலும் ஒரு தைல பாத்திரம் உண்டு. மூக்கு நீண்ட அந்தத் தகரக் குப்பியிலிருந்து மிஷினின் துவாரங்களுக்கு இரண்டு சொட்டும், குழந்தையின் உபயத்தால் தரைக்கு மீதி முழுவதும் போய்ச் சேரும்.

கல்யாணத்துக்கு முன்பே, அரசாங்கம் நடத்தும் தையல் பரீட்சையில் லோயர் தேறியவள் அவள். ஹையருக்குப் பணம் கட்டியிருந்த சமயத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சீர்வரிசையில் குத்துவிளக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே, காலால் மிதிக்கும் மிஷின் ஒன்றும் வண்டியேறி மதுரைக்கு வந்தது. முதல் வருஷம் முழுவதும் அவளுடைய கை ஓய்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சங்கிலித் தையலில் கொடியும், காம்புத் தையலில் கிளியும், குரோஷா ஊசியால் பின்னி ஓரத்தில் மணி கோத்த வலைகளுமாக அந்த வீட்டில் ஒரு சிருஷ்டியே நடந்தது. தண்ணீர்ச் செம்புக்கு மூடி, ரேடியோவுக்கு மூடி, மேஜைக்கு மூடி, கண்ணாடிக்கு மூடி என்று மூடத்தக்க பொருள் யாவும் மூடப்பட்டுவிட்டபடியால், அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போனவர்கள் எந்தப் பொருளையும் நேரில் பார்க்கவில்லை.

அப்பொழுதுதான் அவள் கருவுற்றாள். கையில் தொழில், கூடத்தில் மிஷின், பெட்டியில் மல் துணியும் கேம்பிரிக்கும், எதிரே ஒன்பது மாத அவகாசம். தனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு அவள் எத்தனை சட்டைகள் தைத்திருக்கலாம் என்று நீங்கள் கணக்குப் போடத் தொடங்குவதற்கு முன்னால், நம்மவர் சம்பிரதாயம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி தைத்துவைக்கலாகாது. பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் ஏந்தவேண்டும். மாமியார் இவ்விஷயத்தில் கண்டிப்பானவள். ஆகவே, அந்த ஒன்பது மாதமும் தையல்நாயகி தன் ஆவலையெல்லாம் தெருவிலுள்ள மற்றக் குழந்தைகளின் மீது தீர்த்துக்கொண்டாள். குழந்தை பிறந்து, புண்ணியாகவாசனம் நடந்து, "இனிமே தை" என்று மாமியார் அனுமதி வழங்கிய தினத்திலிருந்து அவளுக்குத் தைக்க நேரமில்லாமல் போயிற்று. நேரம் இருந்தபோது அனுமதியில்லை. அனுமதி வந்தபோது நேரமில்லை. சம்பிரதாயத்தை ஏற்படுத்திய முன்னோர்களுக்கு இந்த நகைச்சுவை தெரிந்தே இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் தையல்நாயகி இலேசில் விட்டுவிடுகிற பேர்வழியல்ல. கூடத்து விட்டத்தில் பழஞ்சேலைத் தூளி. அதற்கு ஒரு முழம் தள்ளி மிஷின். வலது கால் மிதியிலும், இடது காலின் பெருவிரல் தூளியிலிருந்து வரும் கயிற்றுச் சுருக்கிலும், இரண்டு கைகளும் ஊசிக்கடியில் ஓடும் துணியிலும், கண் அடுப்பில் பொங்கவிருக்கும் பாலிலும், காது வாசலில் வரவிருக்கும் கீரைக்காரியின் குரலிலுமாக அவள் அமர்ந்திருக்கும் காட்சியைக் கண்டவர்கள், அஷ்டாவதானம் என்ற கலை அழிந்துவிட்டதாக இனிமேல் வருந்தமாட்டார்கள். தாலாட்டும் உண்டு. உதட்டில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருக்கும் காரணத்தால் அந்தத் தாலாட்டுக்குச் சாகித்தியம் கிடையாது. மூக்கால் ஒலிக்கும் ராகம் மட்டுமே. மிதிக்கு ஒரு காலம், தூளிக்கு ஒரு காலம் என்று இரண்டு கால்களும் வெவ்வேறு தாளத்தில் ஓடவேண்டியிருப்பதால், எப்பொழுதாவது ஞாபகம் பிசகித் தாளம் மாறிவிடும். அப்படி மாறும்போது மிஷின் அன்னநடை நடக்கும், தூளி பறக்கும்.

இதன் பலனாக விளைந்த விபரீதம் ஒன்றுண்டு. குழந்தைக்கு மிஷின் சத்தம் பழகிப்போய், அது ஓடினால்தான் தூங்கும், நின்றால் விழித்துக்கொள்ளும் என்ற நிலை வந்துவிட்டது. தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து விளங்கும். பாபினில் நூல் தீர்ந்தால், சக்கரத்தின் திருகைத் தளர்த்திவிட்டு மிதித்தபடியே நூலைச் சுற்றிக்கொள்ளலாம், அதுவரை பயமில்லை. சுற்றிய பாபினைக் கேஸில் பொருத்தி உள்ளே செலுத்துகிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதுதான் கண்டம். அந்த அரை நிமிஷத்தில் தூளிக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே நீளும். பிறகு ஒரு கை. பிறகு கேட்க வேண்டியதில்லை. ஆகையால் தைக்கத் துணியே இல்லாத மத்தியானங்களிலும் அவள் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பகல் மூன்று மணிக்கு ஏதோ காரியமாக நான் உள்ளே நுழைந்தபோது, மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தையல்நாயகி அதன்மேல் தலை சாய்த்து, கால் மட்டும் தன் கடமையை மறவாமல் மிதித்துக்கொண்டிருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்கள் இரண்டும் விழித்தபடி, தாயாரைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்து, "உஸ்" என்றது.

தூளி வயது தாண்டியபின் நிலைமை முற்றியது. நூல் தீர்ந்த மரக்கட்டைகள் வண்டிச் சக்கரங்களாயின. பிஸ்கட் டப்பாவிலிருந்த பொத்தான்கள் பல்லாங்குழிக்குச் சோழிகளாயின. கத்தரிக்கோலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும் என்று பரண்மேல் ஒளித்து, பிறகு தனக்கும் எட்டாத இடமாகப் பார்த்து ஒளித்து, இறுதியில் தனக்கே நினைவில்லாத இடத்தில் அவள் ஒளித்துவிட்டபடியால், அரிவாள்மணையால் துணி வெட்டிய நாட்களும் உண்டு. காணாமற்போன ஊசி அகப்படும்வரை வீட்டில் யாரும் உட்காரக்கூடாது என்பது சட்டம். விளக்கு வைத்தபின் ஊசி இரவல் தரலாகாது என்று மாமியாருக்கு ஒரு நம்பிக்கை. தருவதற்கு ஊசி அகப்பட்டிருந்தால் அந்த நம்பிக்கைக்கும் வேலை இருந்திருக்கும்.

அவளுடைய கணவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாதுவான குமாஸ்தா. துணியை வெட்டுமுன் காகிதத்தில் அளவு வெட்டிப் பார்ப்பது நல்ல தையற்காரர்களின் வழக்கம். அந்த வீட்டில் அகப்படும் பெரிய காகிதம் தினசரிப் பத்திரிகை ஒன்றுதான். மாலையில் ஆபீசிலிருந்து வந்து பத்திரிகையைப் பிரிக்கும் அவருக்கு, மந்திரியின் பிரசங்கத்தில் கழுத்து வளைவும், சட்டசபை விவாதத்தில் கக்க வளைவும் போய்விட்டிருக்கும். மிஞ்சியதை வாசித்து அவர் உலக நடப்பைப் பற்றிக் கொள்ளும் அபிப்பிராயங்கள், முழுப் பத்திரிகை வாசிக்கிற என்னுடைய அபிப்பிராயங்களைவிடத் தெளிவாகவே இருக்கின்றன.

மாதத்துக்கு ஒருமுறை அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு புது மண்டபத்துக்குப் புறப்படுவாள். மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய அந்த மண்டபம் முன்னூறு வருஷங்களுக்கு மேலாகியும் புதிதாகவே இருப்பது பெயரளவில்தான். கல்லில் வடித்த யாளிகளுக்கும் நாயக்க மன்னர்களுக்கும் இடையே அந்நாளில் தையற்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கொக்கி ஒரு டஜன், வெள்ளை நூல்கண்டு இரண்டு, லேஸ் மூன்று கஜம் என்று வாங்க வந்தவள், அவற்றை மறந்து, அந்தத் தையற்காரர்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருவர் மடியிலும் குழந்தையில்லை; ஒருவர் காலிலும் கயிறில்லை; ஒருவருக்கும் அடுப்பில் பாலில்லை. "இப்படி உக்காந்தா நான் ஒரு நாளைக்கு எட்டு ரவிக்கை அடிப்பேன், மாமா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை யாளியின் வாயில் கையை விட்டுவிட்டு, எடுக்க வராமல் அலறியது.

இந்த இடத்தில் காந்தியடிகள் ஞாபகத்துக்கு வருகிறார். 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இதே மதுரையில், மேல மாசி வீதி வீடொன்றில் தங்கியிருக்கையில்தான், தைத்த சட்டையைத் துறந்து நாலு முழ வேட்டியோடு நிற்பது என்று அவர் தீர்மானித்தார். தையற்காரருக்கு இனி வேலையில்லை என்று அறிவித்த அந்த மகானே, மூன்று வருஷங்கள் கழித்து, இயந்திரங்களையெல்லாம் நீர் வெறுக்கிறீரா என்று ஒருவர் கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துப் படும் சிரமத்தைப் பொறாமல், அவள்பால் கொண்ட அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் எடுத்துக்காட்டிய காரணம். காந்தியடிகளின் வாக்கை மறுக்க நமக்குத் தகுதியில்லை. ஆயினும் ஐசக் சிங்கருடைய சரித்திரத்தை எழுதியவர்கள், அந்த அமெரிக்கர் அதைப் பாஸ்டன் நகரத்துப் பட்டறையொன்றில் ஏறக்குறைய பதினொரு நாளில் உருவாக்கியதாகவும், 1851-இல் உரிமை பெற்றதாகவும், அவருக்கு இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்ததாகவும் குறித்திருக்கிறார்கள். அந்தப் பதினொரு நாளில் இருபதில் ஒன்றாவது அவர் மடியில் இருந்ததாக எவரும் எழுதவில்லை. இருந்திருந்தால் பதினொரு வருஷம் பிடித்திருக்கும். இது தையல்நாயகியின் அபிப்பிராயம்.

இனி என்னுடைய சட்டைக்கு வருகிறேன். ஒரு தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பாக, நீலக்கோடு போட்ட பாப்ளின் இரண்டரை கஜம் வாங்கி, அரைக்கைச் சட்டைக்கென்று அவளிடம் கொடுத்தேன். "நாளைக்கு ஆயிரும் மாமா" என்றாள். அந்தத் தீபாவளி போயிற்று; பொங்கல் போயிற்று; சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். நான் கேட்கும்போதெல்லாம், கைக்குக் கை, முதுகுக்கு முதுகு என்று தனித்தனியாக எடுத்துக் காட்டுவாளேயன்றி, ஒன்றாகக் காட்டியதில்லை. ஒருநாள் காட்டினாள். போட்டுப் பார்த்தேன், இடது பக்கம் வலது பக்கத்தைச் சந்திக்கச் சம்மதிக்கவில்லை.

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. முன்பு சொன்ன இஞ்சு டேப்பின் பித்தளை முனையோடு இரண்டு அங்குலத்தைக் குழந்தை பல் முளைத்த பருவத்திலேயே கடித்துத் தீர்த்துவிட்டது. தையல்நாயகி அதை அறியாதவளல்ல. அளப்பதும் அதே டேப், வெட்டுவதும் அதே டேப் என்கிறபோது, ஒரு பொய்யை இன்னொரு பொய் சரிசெய்துவிடும் என்பது அவளுடைய சித்தாந்தம். நீளத்தைப் பொறுத்தவரை சித்தாந்தம் பழுதற்றதே. ஆனால் மார்பளவை நான்கில் ஒரு பங்காக்கி வெட்டுவதல்லவா முறை? 36 அங்குல மார்பு டேப்பில் 38 என்று காட்டியது. அதில் நான்கில் ஒன்று ஒன்பதரை. டேப்பில் ஒன்பதரை என்று வெட்டியது உண்மையில் ஏழரை. நாலு ஏழரை முப்பது. என்னைச் சுற்றி வரவேண்டிய துணியில் ஆறு அங்குலத்தைக் குழந்தை தின்றுவிட்டிருந்தது. கணக்கை நான் காகிதத்தில் போட்டுக் காட்டியதும், தையல்நாயகி சற்று யோசித்து, "துணி சுருங்கிப் போச்சு மாமா, தண்ணியில நனைக்காமத் தைச்சது தப்பு" என்றாள். ஒரு தடவையும் நனையாத துணி எப்படிச் சுருங்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை; குழந்தை அப்பொழுது என் கண்ணாடிக் கூட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சட்டையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விஜயதசமியன்று காலையில் வாசலில் மேளச் சத்தமில்லாத ஓர் ஊர்வலம் போயிற்று. முன்னால் குமாஸ்தா, கையில் பழத்தட்டு, பின்னால் தையல்நாயகி, நடுவே, தலை வாரிப் பூ முடித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தை. என் ஆயுளில் முதன்முறையாக அதை நான் முழு உடுப்போடு பார்த்தேன். நீலக்கோடு போட்ட கவுன். வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம் என்று அடியில் மூன்று மடிப்பு, கழுத்தில் லேஸ், முன்பக்கம் காம்புத் தையலில் ஒரு கிளி. ஒரு தையல்கூடக் கோணவில்லை. தோளில் தொங்கிய பையும் நீலக்கோடுதான்.

குழந்தை என்னிடம் ஓடிவந்து, மார்பைத் தொட்டுக் காட்டி, "தாத்தா சட்டை" என்றது. தையல்நாயகிக்கு முகம் சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்கிராதீங்க மாமா. இன்னும் கொஞ்சம் துணி மிச்சம் இருக்கு. உங்களுக்கு ரெண்டு கைக்குட்டை அடிச்சுத் தர்றேன். நாளைக்கு ஆயிரும்."

கைக்குட்டைக்கு அளவெடுக்க வேண்டியதில்லை என்று நான் மனசுக்குள் ஆறுதலடைந்துகொண்டிருக்கையிலேயே, அவள் டேப்பைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.