சி டிரைவில் சிவப்புக் கோடு

2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிக்கு சிதம்பரத்தில் இன்னும் ஆயுசு முடியவில்லை. கிழட்டு ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினால் போதும், துள்ளி எழுந்துவிடும். 120 என்று அட்டையில் இருக்கும். விண்டோஸ் 111 என்றுதான் காட்டும். திருட்டில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. ரேஷன் கடை எடையைக்கூட இவ்வளவு நாகரிகமாக விளக்கியதில்லை.

படம், பாட்டு, போட்டோவெல்லாம் கழற்றி வெளியே செருகிய பழைய டிஸ்கில், விண்டோஸ் மட்டும் எஸ்எஸ்டியில், அதாவது சி டிரைவில் என்பது ஏற்பாடு. ஆனால் பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடு அடிக்கும் கடையில் எல்லாமே டெஸ்க்டாப்பில்தான்: ‘பைனல்’, ‘பைனல் 2’, ‘கைடு திருத்திய பைனல்’. டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் என்று சொன்னால், “அது திரையில்தானே சார் இருக்கு?” என்கிறார்கள். காலியிடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போய்க் கோடு சிவந்ததும் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்கிறார்கள். அதில் இரண்டு எம்பி இருக்கிறது.