மேம்பால மலையேறி

திருவண்ணாமலைக்கும் முந்திய மலை விருத்தாசலத்தில்தான் இருந்தது என்கிறது தலபுராணம். பழமலைநாதர் இருக்கிறார், மலையைத்தான் காணோம். கோயிலுக்குள் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படியிறங்கிப் போகவேண்டும். ஊரில் சொல்லிக்கொள்ளும்படியான சரிவு அது ஒன்றுதான், அதுவும் கீழ்நோக்கி. அப்பேர்ப்பட்ட ஊரில் மலையேற்றத்துக்கென்றே ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறார் நம் சைக்கிளார்.

சைக்கிள் ஓட்டுகிறவர் எல்லாம் சைக்கிளார் ஆகிவிட முடியாது. பால் கேன் மாட்டிக்கொண்டு போகிறவர், கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டு வருகிறவர், அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மூன்று பேராக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், இவர்களெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்வதற்காக மிதிப்பவர்கள். சைக்கிளார் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஐம்பது கிலோமீட்டர் மிதித்து, கிளம்பின வீட்டுக்கே வந்து சேர்வார். வந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியைப் பார்த்து, தான் போய் வந்தது உண்மைதானா என்று உறுதி செய்துகொள்வார். ஸ்ட்ராவா செயலியில் பதிவாகாத தூரம் போகாத தூரம்.

இந்த இனத்தில் எல்.ஐ.சி.க்காரர் உண்டு, கணக்கு வாத்தியார் உண்டு, பல் டாக்டர் கட்டாயம் ஒருவர் உண்டு. எங்கள் தெருவில் இருப்பவர் ஃபியூஸ் கட்டை வகை. செராமிக் தொழிற்பேட்டையில் பட்டறை. வீட்டுக்கு வீடு எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு மவுசு குறைந்தது, அவருக்கு நேரம் கிடைத்தது. கூடவே சர்க்கரையும் கிடைத்தது. “தினமும் நடங்க” என்றார் டாக்டர். நடப்பதற்கு எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதால் அந்த யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் வாங்கிய சைக்கிளுக்கு மூன்று விலை. மனைவிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று. முதல் இரண்டும் குறைத்துச் சொன்னவை, மூன்றாவது கூட்டிச் சொன்னது. நிஜ விலை கடைக்காரருக்கும் கிரெடிட் கார்டு கம்பெனிக்கும் மட்டும் தெரியும்.

அம்மா வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏன்டா, மணி எங்க?”

“மணி வராதும்மா.”

“கேரியர்?”

“இதுக்குக் கிடையாது.”

“மட்கார்டு இல்ல, ஸ்டாண்டு இல்ல. உங்கப்பாரு வச்சிருந்த ஹெர்குலிஸ்ல எல்லாம் இருந்திச்சே. முழுசா முடிக்கிறதுக்கு முன்னாடியே தூக்கிட்டு வந்துட்டியா?”

ஒவ்வொரு ‘இல்லை’க்கும் தனித்தனியாகப் பணம் கட்டியிருக்கிறது என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது! எடை ஒன்பது கிலோ. அப்பாவின் ஹெர்குலிஸ் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்திருக்கும், ஆனால் அதில் அப்பா இரண்டு மூட்டை கடலையும் ஏற்றி வந்திருக்கிறார்.

அடுத்து உடை. உட்காருமிடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டை, அதற்குள் வேறொன்றும் அணியக்கூடாது என்பது சாஸ்திரம். இந்த சாஸ்திரத்தை அவர் ஒருதரம் டீக்கடையில் விளக்கினார். அதிலிருந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. செருப்புக்குப் பதில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணி. குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் கழலும். பாலக்கரையில் குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ வர, சைக்கிளார் நின்றார். சைக்கிளும் நின்றது. கால் மட்டும் கழலவில்லை. ஓடும் சைக்கிளிலிருந்து விழுகிறவரை ஊர் பார்த்திருக்கிறது. நின்ற சைக்கிளிலிருந்து, நிதானமாக, முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தவரை அன்றுதான் பார்த்தது. “சுகர் எறங்கிடுச்சுப்பா!” என்று யாரோ சொல்ல, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் கையில் திணித்தார்கள். மறுக்க முடியவில்லை. டாக்டரின் மூன்று மாதக் கணக்கில் அந்த டீக்கும் பங்குண்டு.

சைக்கிளில் ஈடுபாடு முற்றியதற்கு அடையாளம் செராமிக் பேரிங். சாதாரண சைக்கிள் பேரிங்கில் எஃகு உருண்டை. பந்தயக்காரர்கள் போடுவதில் சிலிக்கான் நைட்ரைடு உருண்டை. எஃகைவிட லேசு, எஃகைவிடக் கடினம், உராய்வு கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டால் ஒன்றிரண்டு வாட் என்பார்கள். அதற்குக் கொடுக்கிற காசில் பட்டறைக்கு ஒரு மாத மண் வாங்கலாம். நம்மவர் டென்மார்க்கிலிருந்து வரவழைத்தார். தொழிற்பேட்டை முழுக்கச் செய்தி பரவியது. அகல்விளக்கும் பொம்மையும் சுடும் பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து உருண்டையைக் கையில் வாங்கி, உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஏன்ணே, செராமிக் காலேஜே இருக்கிற ஊரு. ஊரு பூரா சூளை. ஒரு கோலிக்குண்டுக்கு டென்மார்க் வரைக்குமா போகணும்? சொல்லியிருந்தா நான் சுட்டுக் குடுத்திருப்பேன்ல?” சிலிக்கான் நைட்ரைடு களிமண் இல்லை, அதை நைட்ரஜன் சூழலில் 1,700 டிகிரிக்கு மேல் சுடவேண்டும் என்று விளக்கப் போய், “அப்போ நம்ம மண்ணு மட்டமா?” என்பதில் வந்து நின்றது. இருவரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாம் வாங்கியாயிற்று. ஏறுவதற்கு மலை?

சமவெளியில் மிதிப்பதைச் சைக்கிளார்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவர்களுடைய பெரிய பேச்சு எல்லாம் ஏற்றத்தைப் பற்றித்தான். பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்றொரு மலைப்பாதை, 21 கொண்டை ஊசி வளைவு. 1952-இல் அதை முதன்முதலாக டூர் டி பிரான்ஸில் சேர்த்தபோது இத்தாலியரான ஃபாஸ்டோ கோப்பி ஜெயித்தார். அன்றிலிருந்து அது உலகச் சைக்கிளார்களின் யாத்திரைத் தலம். “நம்ம ஏற்காட்டுக்கே இருபது இருக்கு. கொல்லிமலைக்கு எத்தனை தெரியுமா? எழுபது!” என்று நம்மவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும், ஏதோ அவரே ஜல்லி கொட்டிப் போட்ட ரோடு மாதிரி. வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகைகளைப் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்.

விருத்தாசலத்துக்குக் கிடைத்தது ரயில்வே மேம்பாலம். அதில் ஏறுவார், அந்தப் பக்கம் இறங்குவார், திரும்புவார், மறுபடி ஏறுவார். ‘எவரெஸ்டிங்’ என்று உலகில் ஒரு பைத்தியம் உண்டு: ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி, ஏறிய உயரத்தைக் கூட்டி 8,848 மீட்டர் ஆக்கவேண்டும், இடையில் தூங்கக்கூடாது. மேம்பாலத்தை எட்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டு நம்மவர் வகுத்துப் பார்த்தார். 1,106 தரம். திட்டத்தைக் கைவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்.

பாலத்தடி டீக்கடைப் பெரியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒருவாரம் பார்த்துவிட்டுக் கைகாட்டி நிறுத்தினார்.

“சார், எதைத் தொலைச்சீங்க?”

“ஒண்ணும் தொலைக்கலைங்க. பிராக்டீஸ்.”

“பரவால்ல, சொல்லுங்க. இந்த மணிமுத்தாத்துல போட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்துல போயி எடுத்தாரு. நீங்க பாலத்துல தொலைச்சதைப் பாலத்துலயே தேடுறீங்க. எப்படிக் கிடைக்கும்?”

மலை ஏக்கம் முற்றிய நாட்களில் மந்தாரக்குப்பம் பக்கம் போவார். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வாரிக் கொட்டிக் குன்றுகளாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். மரம்கூட வளர்ந்திருக்கிறது. மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் மலை மாதிரித் தெரிகிற ஒரே பொருள். சாலையோரம் ஒற்றைக்காலை ஊன்றி நின்று, அந்த மண்மேட்டின் சரிவு எத்தனை சதவீதம் இருக்கும் என்று கண்ணால் அளப்பார். உள்ளே விடமாட்டார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த இடத்தில் ஜாதகம் பொருந்தாதவர் முகத்தோடு திரும்புவார்.

தேற்றிக்கொள்ள ஒரு தத்துவம் வைத்திருக்கிறார்: சமவெளிக்காரனுக்குக் காற்றே மலை. இதில் உண்மை இருக்கிறது. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும், அதை வெல்லச் செலவிடும் சக்தியோ மும்மடிப் பெருக்கத்தில். ஆடி மாதம் வேப்பூர் ரோட்டில் மேற்கே மிதித்துப் பார்த்தவர் இதற்குச் சூத்திரம் கேட்கமாட்டார். சைக்கிளார் அதற்கும் ஒரு வழி கண்டார். பெண்ணாடம் ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று அண்டாது. அவருடைய வாழ்நாள் சாதனை வேகம் அந்த மறைவில் பிறந்ததுதான். ஸ்ட்ராவா அவருக்குக் கிரீடம் வைத்தது, டிராக்டரைப் பற்றி அது கேட்கவில்லை. டிரைவர் மட்டும் திரும்பிப் பார்த்து, “கரும்பு உருவுறதுன்னா கேட்டுட்டு உருவுங்க சார்” என்றார்.

சாப்பாட்டுக் கணக்குத் தனி. அவரும் சைக்கிளும் சேர்ந்து 91 கிலோ. ஆயிரம் மீட்டர் ஏறினால், தசையின் திறன் கால்பங்குதான் என்பதையும் சேர்த்து, சுமார் 850 கலோரி செலவு. இது சரியான கணக்கு. ஆனால் அதே கணக்கில் மேம்பாலம் ஒருதரம் ஏறினால் ஏழு கலோரிகூட ஆகாது. அதாவது இரண்டு வேர்க்கடலைப் பருப்பு, மிஞ்சினால் மூன்று. வி.ஆர்.ஐ. என்று தன் பெயரிலேயே கடலை ரகம் வெளியிடுகிற ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊரில் மூன்று பருப்போடு யார் நிறுத்துவார்? பாலம் பத்துத் தரம், கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட். ஆறு மாதத்தில் இரண்டு கிலோ கூடினார். “அது தசை” என்கிறார்.

தூரத்தைக் கூட்டுவதிலும் இப்படித்தான். முதல் மாதம் மந்தாரக்குப்பம் போய் வந்தவர், அடுத்த ஞாயிறே கடலூர்க் கடற்கரைக்குக் கிளம்பினார். போக அறுபது. வருவதற்கு ரயில். முழங்கால் மூன்று வாரம் மடங்கவில்லை. சூளையில் சூட்டை எப்படி ஏற்றவேண்டும் என்று கேளுங்கள், அரைமணி நேரம் பாடம் எடுப்பார்: ஈரம் போகும்வரை மெதுவாக, பிறகு படிப்படியாக, அவசரப்பட்டால் பாண்டம் வெடித்துவிடும், ஆற்றுவதிலும் பொறுமை வேண்டும். முப்பது வருட அனுபவம். முழங்காலும் அப்படிச் சுட்டெடுக்கிற பாண்டம்தான் என்பது பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் உறைத்தது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே, நாலாவது வாரம் குறைத்துக்கொள், பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போ. மூன்றையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவதை மட்டும் கடைப்பிடித்தார், வழியெல்லாம் பேசினார்.

கடைசியில் ஒருநாள் நிஜ மலை. கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலைப்பாதை ஏறுகிறது. மைத்துனரின் காரில் சைக்கிளைக் கட்டி அடிவாரம் வரை போனார். மேம்பாலத்தில் அவர் ஒருதரமும் தொடாத சின்னக் கியரை முதல் வளைவிலேயே தொட்டார். முன்னால் 34 பல், பின்னால் 32 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது வளைவில் இன்னும் ஒரு கியர் பாக்கி இருக்குமோ என்று நெம்பைத் தட்டிப் பார்த்தார். இருக்காது என்று தெரியும். ஆனாலும் உலகத்தில் மலையேறுகிற எல்லாச் சைக்கிளார்களும் அந்த இடத்தில் தட்டிப் பார்க்கிறார்கள். பாலம் என்றால் ஒரு நிமிஷத்தில் உச்சி வரும். இங்கே வளைவு முடிந்தால் இன்னொரு வளைவுதான் வந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “ஏறுங்க சார், சைக்கிளைக் கூரை மேல போட்டுக்கலாம்” என்றார். கம்பீரமாகத் தலையாட்டி மறுத்தார். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று ஆடு மேய்க்கிற பையனிடம் விசாரித்தார். “சாயங்காலம்தாங்க” என்றான் பையன். அதனால்தான் அவர் உச்சியை அடைந்தார். பாதித் தூரம் மிதித்தும் மீதித் தூரம் தள்ளியும். ஸ்ட்ராவாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது ‘பிரெவே’ போகப் போகிறாராம். பிரான்சின் ஒடாக்ஸ் சங்கம் வகுத்த விதி: 200 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு இருபது, 600-க்கு நாற்பது. யாரையும் முந்த வேண்டாம், நேரத்துக்குள் வந்தால் போதும். எல்லாம் முடித்தால் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1,200 கிலோமீட்டர், தொண்ணூறு மணி நேரம். “பல்லவன் ரயில்ல ஏறுனா நாலு மணி நேரத்துல எழும்பூரு. அந்தத் தூரத்துக்கு எதுக்குங்க பதிமூணரை?” என்று கேட்ட மனைவிக்கு அவர் பதில் சொல்லவில்லை.

அந்த அம்மாள் நேராக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே முருகனிடம் எழுத்துமூலமாகப் பிராது கட்டலாம், ஊர் தூரத்தைக் கணக்கிட்டுப் படிப்பணம் செலுத்தவேண்டும். எதிராளி என்ற இடத்தில் ‘கொல்லிமலை’ என்று எழுதியிருந்தார். குறை: ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்விடுகிறது. வீட்டுக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் தலைக்கவசத்தோடு, வியர்வை சொட்ட, பின்னாலேயே வந்து நின்றார்.

“வீட்டுலேர்ந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டரும்மா?” என்று கேட்டார் எழுதுகிறவர்.

“மூணு இருக்குங்க.”

“நாப்பத்தேழு புள்ளி ரெண்டு” என்றார் சைக்கிளார், கைப்பேசியை நீட்டி.

எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?”