கத்திக் காத்த காவிரி

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடுதிக்கு ஒருவராக இவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பந்தைத் தொட்டிருக்க மாட்டார். மட்டையைப் பிடித்திருக்க மாட்டார். மெஸ் மூடுகிற நேரத்தைத் தவிர வேறெப்போதும் ஓடியிருக்க மாட்டார். ஆனால் தன் விடுதி எந்த மைதானத்தில் என்ன ஆடினாலும் எல்லைக்கோட்டை ஒட்டி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். விடுதி தேசபக்தர் என்பது இவர்தான்.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய அந்த வளாகத்தில் விடுதிகளுக்கு நதிகளின் பெயர்கள். இமயமலையில் மந்தாகினி ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்கிறது; அலக்நந்தா தேவப்பிரயாகையில் பாகீரதியோடு சேர்ந்து கங்கை ஆகிறது. அங்கே அவ்வளவு ஒற்றுமை. இங்கே கங்கையும் மந்தாகினியும் அலக்நந்தாவும் ஒரே மைதானத்தில் சந்தித்தால் நடுவருக்குத்தான் வியர்க்கும். நிஜக் காவிரிக்கு மத்திய அரசு 1990இல் நடுவர் மன்றம் அமைத்தது. வளாகத்து நதிகளின் வழக்கைத் தீர்ப்பது ஷ்ரோட்டர் கோப்பை. கிரிக்கெட், ஹாக்கி, கூடைப்பந்து, நீச்சல் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி சேர்த்து, அதிகம் சேர்த்த விடுதிக்குக் கோப்பை. உடம்பு வணங்காதவர்களுக்கு லிட்-சாக் இருக்கிறது: விநாடி வினா, விவாதம், நாடகம், பாட்டு. ஆக, ஆண்டு முழுவதும் யாரையாவது பகைத்துக்கொள்ளக் காரணத்துக்குப் பஞ்சமில்லை.

நம்மவர் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். சேருகிற நாளன்று அப்பா பெட்டியோடும் அம்மா வாளியோடும் நிற்க, மேசைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி, “காவிரி” என்றார். விரல் ஒரு வரி தள்ளி நின்றிருந்தால் நர்மதை. அன்று இரவு அறையின் மின்விசிறியைப் பார்த்து, “இதெல்லாம் ஒரு விடுதியா!” என்று அழாத குறை. மூன்றாம் வாரம் ஏதோ ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆள். “நம்ம காவிரி ரத்தம்டா!” என்றார். அவருக்குச் சொந்த ஊர் வேலூர். அங்கே ஓடுவது பாலாறு.

இரண்டாம் ஆண்டில் ஆள் பிடிக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஃபிரெஷ்ஷிகளின் கதவைத் தட்டுவார்.

“எழுந்திருடா, வாட்டர் போலோ செமி ஃபைனல்.”

“அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாதுண்ணா.”

“உன்னைத் தண்ணியில இறங்கச் சொன்னாங்களா? கரையில நின்னு கத்து.”

வளாகத்துப் புள்ளிமான்கள் மனிதர்களைப் பார்த்துப் பழகியவை. ஆள் பக்கத்தில் போனாலும் மேய்ச்சலை நிறுத்தாது. நம்மவர் குரலைக் கேட்டால் மட்டும் புதருக்குள் போய்விடும். வார இறுதியில் வீட்டுக்குப் பேசினால் அம்மாவுக்குக் கவலை.

“என்னடா தொண்டை கட்டியிருக்கு? ஐஸ் வாட்டர் குடிச்சியா?”

“மேட்ச்சும்மா. ஜெயிச்சுட்டோம்.”

“நீ விளையாடினியா?”

“இல்லம்மா. நான்தான் ஜெயிக்க வெச்சேன்.”

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அவருக்கு நினைவிருக்காது. போன வருடக் கிரிக்கெட் ஆட்டத்தில் கேட்ச்சை விட்டவன் பெயர், அவன் அறை எண், அன்று காலை அவன் என்ன சாப்பிட்டான் என்பது வரை நினைவிருக்கும். தோல்விக்குக் காரணங்களைத் தயாராகவே வைத்திருப்பார். நடுவருடைய ஆராய்ச்சி மாணவன் எதிர் விடுதி. மறுநாள் குவிஸ் தேர்வு. வெயில் நம் பக்கம் அடித்தது. வெற்றிக்கு ஒரே காரணம்தான். அதை அவர் அடக்கமாகத் தொண்டையைத் தடவிக் காட்டுவார்.

பகை என்று வந்துவிட்டால் இயற்கையையும் விட்டுவைக்க மாட்டார். ஜன்னல் வழியாகக் குரங்கு புகுந்து பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனால், மற்றவர்கள் பாக்கெட்டைப் பார்ப்பார்கள். இவர் குரங்கு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். கங்கைப் பக்கம் போனால், “நினைச்சேன்” என்று மட்டும் சொல்வார். குளியலறைக் குழாயில் ஒருநாள் தண்ணீர் நின்றுவிட்டால் போதும், கங்கைக்காரர்கள் சைக்கிளை நிறுத்தி விசாரிப்பார்கள்: “என்ன மச்சி, காவிரியில தண்ணி வரலையாமே? கர்நாடகாகிட்ட கேட்டியா?” அரை வாளியில் குளித்துவிட்டு, அரை உடம்பில் சோப்போடு நின்றாலும், “எங்க விடுதியில தண்ணிக்கு என்ன குறைச்சல்?” என்பார். வார்டனிடம் போய்ப் புகார் சொல்வதெல்லாம் உள்நாட்டு விவகாரம். அயலாரிடம் விட்டுக்கொடுப்பாரா?

டிசம்பர் மாதம் வந்தால் இந்தக் கொள்கையில் சின்னத் திருத்தம் வரும். அப்போது ஐ.ஐ.டி.களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. கரக்பூருக்கும் பம்பாய்க்கும் எதிரே சென்னை அணி இறங்கும்போது, நவம்பர் வரை ‘அந்தத் திருட்டுப் பய’லாக இருந்த கங்கை வேகப்பந்து வீச்சாளன் ‘நம்ம பையன்’ ஆகிவிடுவான். அவன் விக்கெட் எடுத்தால் நம்மவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். ஜனவரியில் விடுதி ஆட்டங்கள் மறுபடி தொடங்கியதும் பையன் பழையபடி திருட்டுப் பயல்.

அவருக்கு உண்மையான சோதனை மூன்றாம் ஆண்டில்தான் வந்தது. மராமத்துக்காகக் காவிரியில் ஒரு பகுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். நம்மவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் கங்கை. 1972இல் கே.எல். ராவ் முன்வைத்து இன்னும் காகிதத்திலேயே இருக்கிற கங்கை–காவிரி இணைப்பை விடுதி அலுவலகம் ஒரே சுற்றறிக்கையில் நிறைவேற்றிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண் வீட்டார் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள். “உடம்புதான் அங்கே போகுது” என்று நண்பர்களின் கையைப் பிடித்துச் சொன்னார். முதல் வாரம் கங்கை மெஸ்ஸில் சாம்பாரைத் தொடவில்லை. இரண்டாம் வாரம் தொட்டார். அடுத்த வாரம், “நம்ம மெஸ் சாம்பார்” என்றார்.

அந்த ஆண்டு ஹாக்கியில் கங்கையும் காவிரியும் மோதின. எல்லைக்கோட்டில் வழக்கமான இடத்தில் நம்மவர் நின்றார். அதே குரல், அதே சுருதி. புள்ளிமான்கள் அதே புதருக்குள் போயின. கோஷத்தில் நதியின் பெயர் மட்டும் மாறியிருந்தது. காவிரியின் பலவீனங்கள் அத்தனையும் தெரிந்த ஆள் என்பதால் கங்கைக்காரர்கள் அவரை ஆலோசகராகவே வைத்துக்கொண்டார்கள்.

பழைய நண்பர்கள் துரோகி என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பட்டியலில் ஒருவர் வைத்த விரலுக்கு அன்றைக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தாரோ, இரண்டாவது விரலுக்கும் அவ்வளவே விசுவாசமாக இருந்தார். நாம் மார் தட்டிக்கொள்கிற ஊர்ப் பெருமை, குலப் பெருமை, தெருப் பெருமை எல்லாம் நம்மைக் கேட்டுக்கொண்டா வந்தன? அவற்றுக்காக மண்டை உடைகிறது, ஊர் எரிகிறது. நம்மவரால் உடைந்தது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கட்டிய தொண்டை திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும். பெருமைகளில் இதுதான் செலவு குறைந்தது.

இன்று அவர் ஏதாவது ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பார்; உங்கள் மேலாளராகவே இருக்கவும் கூடும். சம்பள உயர்வு கேட்கப் போகிறீர்கள் என்றால், எந்த விடுதி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். முதலில் எந்த விடுதி என்பதல்ல, கடைசியாக எந்த விடுதி என்பதுதான் முக்கியம்.