குரோம்பேட்டைக்காரிக்குக் குப்பைப் பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

 

"எம்.சி.சி.யில பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சவ, மறுபடியும் முதல் வருஷ லேபுக்கா போறே? அமெரிக்காவுல படிப்பு ரிவர்ஸ்லதான் ஓடுமா?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு, பம்மல் முழுக்க ஒலிபரப்பிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். இந்தக் காலேஜில் நர்சிங்கில் சேர வேண்டுமானால் ஜெனரல் கெமிஸ்ட்ரி லேப் கட்டாயம். என் சர்ட்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள், "பட்டம் சரி, ஆனால் பழசு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சோடியத்தின் அணு எண் நான் படித்தபோதும் 11தான், இப்போதும் 11தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஆகவே குழந்தையை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மீசை அரும்புகிற பையன்களோடு நானும் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் வகுப்பில் ஒருவன் என்னை ஆசிரியை என்று நினைத்து, சீக்கிரம் போகலாமா என்று அனுமதி கேட்டான். கொடுத்திருக்கலாம்.

மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு ரப்பர் கண்ணாடி போட வேண்டும். வெந்நீர் வைத்தாலும் போட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் உள்ளே ஆவி படிந்து, எதிரில் நிற்பது பீக்கரா ஆளா என்று தெரியாது. கழற்றித் துடைக்கலாம் என்றால், கண்ணாடியைக் கழற்ற லேபை விட்டு வெளியே போக வேண்டுமாம்.

ஆனால் பியூரெட்டில் உங்கள் பெண்ணை அசைக்க ஆளில்லை. பசங்கள் சோடியம் ஹைட்ராக்சைடைத் திறந்துவிட்டு, குடுவை ராணி கலர் ஆன பிறகு திடுக்கிடுகிறார்கள். நான் அரைச் சொட்டைக் கண்ணாடி ஓரத்தில் ஒற்றி, கழுவி இறக்கி, இளஞ்சிவப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்போது நிறுத்துகிறேன். இன்ஸ்ட்ரக்டர் நாலு பேரைக் கூட்டி வந்து காட்டினார். பெருமையில், பிளஸ் டூவில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவோம் என்று சொல்லிவைத்தேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஹைட்ரஜன் சல்பைடு வாடையிலேயே நின்று சால்ட் கண்டுபிடித்த கதையை அதற்கு மேல் எடுக்கவில்லை.

இனிமேல்தான் முக்கிய விஷயம்: குப்பை. இங்கே சிங்க்கில் எதையும் கொட்டக் கூடாது. அமிலத்துக்கு ஒரு பாட்டில், காரத்துக்கு ஒன்று, உலோகத்துக்கு ஒன்று. பீக்கரை முதல் தடவை அலசின தண்ணீரும் பாட்டிலுக்குள்தான் போக வேண்டும். துடைத்த டிஷ்யூ தனி டப்பா. உடைந்த கண்ணாடிக்குத் தனி அட்டைப்பெட்டி. மற்ற எதையும் அதில் போடக் கூடாது. பாட்டிலில் ஊற்றும்போது மட்டும் மூடியைத் திறக்கலாம், ஊற்றியதும் மூடிவிட வேண்டும். லேபிளில் ஃபார்முலா எழுதினால் செல்லாது. ரசாயனத்தின் பெயரை முழுசாக எழுதி, தேதியும் போட வேண்டும். சென்ற வாரம் பாட்டில் நிறைந்துவிட்டது. அடுத்த பாட்டில் வரும்வரை, கையில் பீக்கரோடு பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றோம். ரேஷன் கடையில் நின்ற அனுபவம் எனக்கு மட்டும்தான் கைகொடுத்தது. நிறைந்த பாட்டில்களை லைசென்ஸ் வாங்கிய லாரி வந்து எடுத்துப் போகும். குப்பை போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கையெழுத்துப் போட்ட சீட்டு திரும்பி வர வேண்டும். 1976-இல் போட்ட சட்டமாம். குப்பை பிறந்ததிலிருந்து கரையேறும்வரை பெற்றவர்தான் பொறுப்பு.

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வகுப்பில் குரோமேட் வந்தது. மஞ்சள் கரைசலில் ஆசிட் விட்டால் ஆரஞ்சு, காரம் விட்டால் திரும்ப மஞ்சள். ஒரு டெஸ்ட் டியூபில் அடியில் கொஞ்சமே கொஞ்சம். அதற்குக் கையுறை, தனி பாட்டில், சிவப்பு லேபிள், அதன் அபாயத்தைப் பற்றி அரை மணிப் பிரசங்கம். குரோமியத்துக்குப் பயப்பட எனக்குச் சொல்லித்தருகிறார்கள், அப்பா! குரோம்பேட்டை என்று ஊர்ப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு!

நீங்கள் சொல்லப்போவது தெரியும். "டேனரில போடுறது மூணாம் நிலை குரோமியம்மா, தோலை வெட் ப்ளூ ஆக்குறது. உன் மஞ்சள் ஆறாம் நிலை, அதுதான் விஷம்." முப்பது வருஷம் டேனரியில் கணக்கு எழுதிய நீங்கள் கெமிஸ்ட்ரியும் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் மூன்று ஆறாக மாறவும் வழி உண்டு. டேனரிப் பக்கத்து நாகல்கேணியில் அத்தை வீட்டுக் கிணறு மஞ்சள் பாய்ந்தபோது, அது இரும்பா குரோமியமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் நம் அப்போதைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்ட டேனரிகளையும் சேர்த்துத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டதே, அன்றைக்கு நீங்களே "இது கம்பெனிக்கு டீச்செலவு" என்று சிரித்தீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காகிதத்தில் நாம்தான் ரொம்பக் கறார். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அமெரிக்காவில் 0.1 வரை விடுகிறார்கள். நம்மிடம் பாதி அளவு இருக்கிறது. பாட்டிலும் லேபிளும் மூடியும்தான் இல்லை.

இந்த லேபுக்கு ஜன்னலே கிடையாது. புகை உறிஞ்சும் பெட்டியின் இரைச்சல்தான். எம்.சி.சி.யில் புள்ளிமான் திரிகிற காட்டைக் கடந்து வகுப்புக்குப் போவோம். தாம்பரத்துக்கு மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரி வந்தது 1937-இல்; அந்தப் புதர்க்காட்டை மரக்காடாக்கப் பாடுபட்டவர்களில் எட்வர்ட் பார்ன்ஸ் முக்கியமானவர். அவர் பாடம் எடுத்தது கெமிஸ்ட்ரி. மண்ணில் எதை விட வேண்டும் என்று தெரிந்த கெமிஸ்ட்ரிக்காரரும் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார். அங்கே படித்ததைத்தான் பழசு என்கிறார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: போர்வெல் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். குரோமியமும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆர்.ஓ. சர்வீஸ் பையன் டி.டி.எஸ். மீட்டரை முக்கிவிட்டு "சூப்பர் வாட்டர் சார்" என்பான். அந்த மீட்டர் கரைந்திருப்பவற்றின் மொத்தத்தைத்தான் சொல்லும்; உப்பா குரோமியமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. "இத்தனை வருஷமா இதைத்தான் குடிக்கிறோம், என்ன ஆயிடுச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள். ரிசல்ட் வரட்டும், பிறகு சண்டை போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்