கோடி கொடுத்து நடு சீட்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் மாட்டிக்கொண்டேன். இடப்பக்கம் மைத்துனர், வலப்பக்கம் அவருடைய ஆபீஸ் நண்பர். ரசம் வருவதற்குள் இருவரும் ஒரு மெக்லாரன் எஃப்-1 வாங்கிவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் அதை விற்றுவிட்டு டி.50 என்ற இன்னொரு கார் வாங்கலாமா என்று ஆலோசனை. மண்டபத்துக்கு இவர்கள் வந்தது ஷேர் ஆட்டோவில், டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகத் தொற்றிக்கொண்டு. இவர்கள் கையை வீசிப் பேசியதில் பயந்துபோன பரிமாறுகிற பையன் என் இலையைத் தாண்டிப் போய்விட்டான். எனக்கு அப்பளம் கிடைக்கவில்லை. இன்னும் ஆறவில்லை.

வாங்கப்போவதில்லை என்று தெரிந்த காருக்குக் கலர் பார்ப்பது, "கறுப்பு வேண்டாம், தூசி தெரியும்" என்பது, சர்வீஸ் செலவை நினைத்துக் கவலைப்படுவது, இதெல்லாம் நம் எல்லாருக்கும் உள்ளதுதான். நானும் ராத்திரி போர்வைக்குள் வீடியோ பார்க்கிற ஜாதிதான். ஆனால் எஃப்-1ஐ யாரும் வாங்கக் கூடாது என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் சீட். கார்டன் மர்ரி வடிவமைத்த அந்தக் காரில் மொத்தம் மூன்றே சீட். ஓட்டுகிறவர் நட்டநடுவில். அவருக்கு இரண்டு பக்கமும், சற்றுப் பின்தள்ளி, ஆளுக்கொரு சீட். மர்ரியின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரியும். பெடல்களும் சக்கரக் குழிக்கு ஒதுங்காமல் நேராகக் காலடிக்கு வரும். எல்லாம் சரி. ஆனால் நடு சீட், ஐயா, நடு சீட்!

நம் ஊர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் நடுவில் யாராவது ஆசைப்பட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஜன்னலோரக்காரருக்குக் காற்று. வழியோரக்காரருக்குக் கால் நீட்ட இடம். நடுவில் இருப்பவருக்கு இரண்டு பேருடைய தூக்கமும். கடைசியாக ஏறுகிறவன் தலையில் எழுதிய இடம் அது. 2021 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் ஒருவர் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினாரே, அந்த இடத்தைத்தான் வாங்கினார். ஜன்னலோரம் இரண்டும் ஓசியில் வருகிறவர்களுக்கு.

அதில் போய் உட்காருவதாவது சுலபமா? பயணி சீட்டுப் பக்கமாக நுழைந்து, உடம்பை மடித்து, காலைத் தூக்கிப் போட்டு, நடுவுக்கு நகர வேண்டும். ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாசலில் இறங்கும்போது அதே சர்க்கஸ் மறுபடியும், இந்த முறை செக்யூரிட்டி முன்னிலையில். டோல்கேட்டில் கை எந்த ஜன்னலுக்கும் எட்டாது. ஆகவே பணம் நீட்டவாவது கூட ஒரு ஆள் வேண்டும். மனைவியை அழைத்துப் போகலாமென்றால், இடப்பக்கமா வலப்பக்கமா? எந்தப் பக்கமானாலும் அவருக்குத் தெரியப்போவது கணவரின் ஒரு காதும் காதோர நரையும்தான். முகம் பார்த்துச் சண்டை போட வழியில்லை. மிச்சமிருக்கும் சீட்டில் மாமனாரை ஏற்றினால், ஒரு காதில் "லெஃப்டுல போங்க", மறு காதில் "நேரா போங்க மாப்பிள்ளை". நான்காவது ஆள் வந்தால்? "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பதற்கு அந்தக் காரில் வேலையே இல்லை. எங்கே தள்ளுவது? ஓட்டுகிறவர் சீட்டையும் பெடலையும் வாங்கியவரின் உடம்பு அளவெடுத்துப் பொருத்திக் கொடுத்தார்கள். தீபாவளிக்குப் பிறகு என்ன செய்வார்களோ! மைத்துனர் இரவல் கேட்க முடியாது என்பது ஒன்றுதான் இதில் நான் காணும் வசதி.

சரி, காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் இந்தக் கார் பிறந்த கதை. 1988இல் மெக்லாரன் அணி 16 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 15ஐ ஜெயித்தது. தோற்ற ஒன்று இத்தாலியில், மான்சாவில். தோற்றுவிட்டு மிலானின் லினாட்டே விமான நிலையத்துக்கு வந்தால் விமானம் தாமதம். அணித் தலைவர் ரான் டென்னிஸும் மர்ரியும் மற்றவர்களும் காத்திருந்த நேரத்தில் பேசிப் பேசி உருவானதுதான் உலகத்திலேயே சிறந்த காரைச் செய்ய வேண்டும் என்ற யோசனை. விமானம் தாமதமானால் நாம் சமோசா தின்கிறோம். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் யாரோ, அவர்மீதுதான் எனக்குச் சந்தேகம்.

பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் செய்ததே 106. எஞ்சின் அறைக்குள் சூடு தாங்கத் தங்கத் தகடு. இத்தனை இருந்தும், சர்வீஸுக்கு 1990களின் காம்பேக் லேப்டாப் ஒன்றைத்தான் 2016 வாக்கிலும் கம்பெனி நம்பியிருந்தது. அதைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலையாக இருந்தது.

உண்மையில் என் வயிற்றெரிச்சல் வேறு. பெபிள் பீச்சில் விலைபோன அந்தக் கார், கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்து, ஓடியது 390 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையில் கிளம்பினால் மதுரை போய்ச் சேராது. ஓட்டாததால்தான் அந்த விலையாம்! சமைக்காத பாத்திரத்தைப் பரணில் வைத்துப் பூட்டுகிறவர்களுக்கு எதற்குக் கார்?

ஈலான் மஸ்க்கையாவது மன்னிக்கலாம். 2000இல் தன் எஃப்-1ஐ இன்சூரன்ஸ்கூட இல்லாமல் ஓட்டி நொறுக்கினார், பக்கத்தில் தொழில் கூட்டாளி பீட்டர் தீல். ஓட்டினார் அல்லவா? நான் கையெடுத்துக் கும்பிடுவது ரோவன் அட்கின்சனை, நம் மிஸ்டர் பீன். 1997இல் வாங்கி, இரண்டு முறை இடித்தார். 2011இல் இங்கிலாந்துச் சாலை ஒன்றில் சறுக்கி மரத்தில் மோதியதில், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் செலவு 9 லட்சம் பவுண்டுக்கு மேல். பழுது பார்த்துக் கொடுத்ததும் மறுபடி எடுத்து ஓட்டினார்.

ஆகவே, இந்தக் கட்டுரையை எஃப்-1 வைத்திருப்பவர் யாராவது படிக்க நேர்ந்தால், தயவுசெய்து கவரை எடுத்துவிட்டு வண்டியை வெளியே கொண்டுவாருங்கள். தேய்ந்துவிடும், விலை போகாது என்று பயப்படாதீர்கள். மிஸ்டர் பீன் 2015இல் விற்றபோது அந்தக் கார் 65,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. கிடைத்த விலை சுமார் 80 லட்சம் பவுண்டு, வாங்கியதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.